இரண்டு உச்சி

நாங்குநேரி டோல்கேட் தாண்டி
மூன்றாவது கிலோமீட்டரில் நின்றது வண்டி.
வள்ளியூரிலிருந்து கயிறோடு நான் போய்ச் சேர்வதற்குள்
தானாக ஸ்டார்ட் ஆகியும் விட்டது.
"நேத்தும் இப்படித்தான் நின்னுட்டு அண்ணாச்சி,
ஒரு டீ குடிச்சிட்டு வந்தா ஓடுது" என்றார் ஆவுடையப்பன்.
பெட்ரோல் பங்க்கைத் திட்டி முடித்திருந்தார்.
பேட்டரி புதுசு. பிளக் நாலும் புதுசு.
பம்பரில் எலுமிச்சம்பழம்கூட
வெள்ளிக்கிழமை கட்டியதுதான்.

டீ குடித்தால் தீருகிற நோய் என்றால்
ஆறினால் தீருகிற நோய்.
சூட்டில் வாய் கட்டிப்போகிற ஆள் எவனோ
உள்ளே இருக்கிறான்.

பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வரும்.
ஒரு தடவை, காற்றையும் பெட்ரோலையும்
நெருக்கிப் பிடித்துக்கொண்டு, பொறிக்காக.
இன்னொரு தடவை, எரிந்த புகையை
வெளியே தள்ளிவிட்டு, வெறும் கையோடு.
உயரம் ஒன்றுதான். நிற்கிற நிற்பும் ஒன்றுதான்.
கீழே கிராங்க்கைக் கேட்டால்
"மேல வந்துட்டான்" என்று மட்டும் சொல்லும்.
எதற்கு வந்தான் என்பது
அதற்குத் தெரியாது.

தெரிந்தது கேம் ஷாஃப்ட்டுக்கு.
கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒன்று.
வால்வுகளைத் திறந்துவிடுகிற கை இதன் கை,
அதனால் மூச்சு உள்ளேயா வெளியேயா என்று
இதற்குக் குழப்பமே வராது.
ஆனால் ஊமை.
இதன் நுனியில் ஒரு வட்டு,
வட்டில் அகலமாய் ஒரு பல், ஒடுங்கி ஒரு பல்.
தொடாமல், ஒரு மில்லிமீட்டர் தள்ளி
கட்டைவிரல் அளவில் கறுப்பு பிளாஸ்டிக்.
அதற்குள் காந்தம், காந்தத்தின் முன்னால் சில்லு.
பல் கடக்கும்போது காந்தப்புலம் மாறும்,
ஐந்து வோல்ட் பூஜ்யமாய் விழும்.
பல் போனதும் மறுபடி ஐந்து.
இந்த விழுந்தெழுதலைப் படித்துத்தான்
எந்த உச்சிக்குப் பொறி என்று
கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

சில வண்டிகள் சென்சார் செத்தாலும்
இரண்டு உச்சியிலும் பொறி தட்டிப் பார்த்துக்கொண்டே
எப்படியோ வீடு சேர்ந்துவிடும்.
இது ரோஷக்காரி. சந்தேகம் வந்தால் நின்றுவிடுவாள்.

கடைக்கு ஓட்டி வந்து பானெட்டைத் திறந்துவைத்து
நன்றாக ஆறவிட்டேன்.
பக்கத்துப் பியூட்டி பார்லருக்குப் போய்
முடி உலர்த்தும் மெஷினைக் கேட்டேன்.
ஜெபராணி என் வழுக்கையைப் பார்த்தாள்.
மெஷினைத் தந்துவிட்டு, கூடவே வந்தாள்.
எஞ்சின் ஓட, ஸ்கோப் திரையில்
கோட்டை மதில் மாதிரி ஓடியது சிக்னல்:
மேடு, பள்ளம், அகல மேடு, பள்ளம்.
சென்சாருக்கு மட்டும் சூடு காட்டினேன்.
நாலு நிமிஷம் ஒன்றுமில்லை. ஆறாவது நிமிஷம்
மதிலில் ஒரு பல் உதிர்ந்தது.
பிறகு நேர்கோடு. எஞ்சின் அணைந்தது.
"செத்துட்டா?" என்றாள்.
"கேக்கதுக்கு ஆளில்லாம நின்னுட்டு" என்றேன்.

வண்ணாரப்பேட்டைக்குப் போன் போட்டேன்.
வள்ளியூருக்கு உள்ளே வருகிற நாகர்கோவில் பஸ்ஸாகப் பார்த்து
கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டார்கள்.
நாலரைக்கு வந்தது. ஒரே போல்ட், ஒரு கப்ளர்,
ரப்பர் வளையத்துக்கு ஒரு சொட்டு ஆயில்.
பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவா என்று
ஆவுடையப்பன் முணுமுணுத்தார்,
இருநூறு குறைத்தார், பணகுடிப் பக்கம் போனார்.
எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டே போனது.

விளக்கு வைக்கிற நேரத்தில்
பார்லர் வாசலில் போய் நின்றேன்,
மெஷின் முதுகுக்குப் பின்னால் கையில்.
உள்ளே ஒரு கல்யாணப் பெண்ணுக்குப்
புருவம் திருத்திக்கொண்டிருந்தாள்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே சொன்னாள்:
"மத்தியானமும் இப்படியே வந்து நின்னீரு.
கேக்க வந்திருக்கீரா, குடுக்க வந்திருக்கீரா?
ஒம்ம நிப்பப் பாத்தா ஒண்ணும் தெரியலயே."

மெஷினை நீட்டினேன்.
போன மாதம் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்
இன்னும் என் கடையில் கிடக்கிறது.
அதை அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.